மூடி நகரமாட்டேங்குது, வே

பாளையங்கோட்டை
தை மாசம், ஞாயிறு மதியம்

கப்பல்காரருக்கு,

இங்கே நலம். நீரும் நலம்தான் என்று உம்ம மகள் சொன்னாள். நீர் போனை எடுத்தால்தானே உம்மிடம் கேட்க. எடுத்தாலும் இந்தக் கதையைப் போனில் சொல்ல முடியாது. நாலு வார்த்தைக்குள் குறுக்கே விழுந்து என்ஜின் ரூம் புராணத்தை அவிழ்த்துவிடுவீர். கடுதாசி என்றால் முடிகிறவரை நான்தான் பேசுவேன், நீர் பொத்திக்கிட்டு இருக்கணும்.

உம்ம மதினிக்கு மூட்டுவலி அப்படியேதான். சின்னவனுக்குத் திருச்சிக்கு மாற்றல். நம்ம கூட்டாளி ஒட்டகம் மறுபடியும் தலைக்கு மை அடிக்க ஆரம்பித்திருக்கிறான், காரணம் கேட்கப் பயமாக இருக்கிறது. வீட்டுச் சமாச்சாரம் போதும்.

என் அக்கா மகன் தூத்துக்குடியில் பாய்மரப் படகு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான் என்று சொன்னேன்லா? தோணி இல்லை. உல்லாசத்துக்கு ஓட்டுகிற ஃபைபர் படகு, 28 அடி. கொச்சியில் யாரோ விற்றதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். அக்கா இன்றுவரை அதை "அந்தச் சவம்" என்றுதான் சொல்வாள். பொங்கல் லீவில் அவன் மகள், எட்டு வயசுப் பிள்ளை, விளையாட்டாக உள்ளே இறங்கி மேல்மூடியை இழுத்துச் சாத்திவிட்டாள். திரும்பத் திறக்க வரவில்லை. உச்சி வெயில், ஃபைபர் கூடு, காற்றுப்போக்குக் கிடையாது. அவள் தட்டினது வெளியே ஓடின கிரைண்டர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் வாட்ச்மேன் கேட்டு, கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சாயங்காலமே ஐஸ்கிரீம் கேட்டாள். அப்பன்காரனுக்குத்தான் போனில் குரல் நடுங்கியது. "மாமா, நீங்க வந்து பாருங்க, வேற யார் சொல்லுததும் எனக்கு நம்பிக்கை இல்ல"ன்னான்.

அமைப்பைச் சொல்கிறேன். முப்பது வருஷம் கடலில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்கணும், ஆனால் நீர் கடலைப் பார்த்ததே கரைக்கு வந்த பிறகுதான் என்று தங்கச்சி சொல்லுவாளே. அறைக்குள் இறங்குகிற வாசலை நிரைப்பலகை போட்டு மூடுகிறார்கள். அதற்கு மேலே, தலை இடிக்காமல் இறங்குவதற்காக, முன்னும் பின்னும் தள்ளுகிற மூடி. மழைத்தண்ணீர் வழிய வேண்டும் என்று மூடியின் நடுப்பாகத்தை லேசாக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் அலுமினியத் தண்டவாளம். மூடிக்கு அடியில் தேக்குக் கட்டை, கட்டையில் காடி என்கிற நீளப் பள்ளம், காடி தண்டவாளத்தில் ஓடும். நம்ம ஊர்த் தோணியில் இந்த வம்பே கிடையாது. பலகையை அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நான் போவதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். ஒருத்தர் தண்டவாளம் முழுக்கக் கிரீஸை அப்பியிருந்தார். கடற்கரையில் கிரீஸ் பூசினால் அது மணலை வாங்கி வைத்துக்கொள்ளும், தள்ளத் தள்ள அந்த மணலே கட்டையை அரைக்கும். இன்னொருத்தர் தண்டவாளத்தை அரம் போட்டுத் தேய்க்கணும் என்று கையில் அரத்தோடு நிற்கிறார். மூன்றாமவர் "மழைக்கு மரம் ஊதிட்டு, வெயில் ஏறினா சரியாயிரும்" என்கிறார். மரம் ஊதும்தான். ஆனால் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் அநேகமாக ஊதவே ஊதாது. அந்தக் கட்டை ரெண்டு இஞ்சு அகலம், அதுவும் பழைய தேக்கு. அது ஊதி எவ்வளவு ஊதிவிடும்? இவருக்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. முதலில் மண்ணெண்ணெய் போட்டுக் கிரீஸை வழித்தேன், பிறகு சோப்பு, பிறகு நல்ல தண்ணீர்.

கழுவின பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது, தண்டவாளத்தில் ரெண்டு மூன்று ஸ்க்ரூ தலைகள் துருத்திக்கொண்டு நிற்பது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவில் உப்புத்தண்ணீர். இது உம்ம பாடம், அலுமினியம்தான் அரித்துப்போகும். அரித்த வெள்ளைப் பொடி அடியில் சேர்ந்து தண்டவாளத்தையே தூக்கியிருந்தது. கழற்றிச் சுரண்டி, ரெண்டு உலோகமும் ஒட்டாதபடி பேஸ்ட் தடவி, தலை உள்ளே அமுங்குகிற மாதிரி திரும்ப முடுக்கினேன். கொஞ்சம் இளகியது. ஆனாலும் பாதி தூரத்தில் வந்து பிடித்துக்கொள்கிறது.

அப்போது உள்ளே நின்று விளக்குப் பிடித்த பையன் முதுகு வலிக்கிறதென்று நிமிர்ந்தான். அவன் தோள் மூடியின் நடுவில் முட்டியது, மூடி என் ஒற்றை விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது! "அப்படியே நில்லுலே, அசையாத"ன்னு கத்தினேன். அவன் பயந்து உட்கார்ந்துவிட்டான், மூடி மறுபடி இறுகிவிட்டது.

புரிகிறதா வே? குற்றம் தண்டவாளத்தில் இல்லை. வளைந்த மூடி நடுவில் அமுங்கினால் அதன் ரெண்டு ஓரமும் வெளியே தள்ளும், தள்ளித் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். நூல் பிடித்துப் பார்த்தேன், வளைவு பாதிக்கு மேல் காணோம். ஃபைபர் தகடு ரெண்டுக்கும் நடுவே பிளைவுட் வைத்த மூடி அது. மேல்கைப்பிடிக்கு ஓட்டை போட்டவன் பசை வைத்து அடைக்கவில்லை. 2023 டிசம்பர் மழை உமக்கு நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே. அப்போது இந்தப் படகு தார்ப்பாய்கூட இல்லாமல் கரையில் கிடந்திருக்கிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்மரம் உளுத்துவிட்டது. அதன்மேல் பாய்மரத்தில் வேலை பார்க்க வந்தவன் போனவன் எல்லாம் காலை வைத்து ஏறியிருக்கிறான்.

உள்தகட்டை அறுத்துத் திறந்தேன், கருப்பட்டி நிறத்தில் சொதசொத என்று வந்தது. எல்லாவற்றையும் வழித்து, நன்றாகக் காயப்போட்டு, ரீப்பர் முட்டுக் கொடுத்து வளைவைத் தூக்கி நிறுத்தினேன். முழுப் பலகை வளையாது என்று மெல்லிய பட்டைகளாக அறுத்து ரெண்டு அடுக்கு எபாக்ஸிப் பசையில் பதித்து, மேலே கண்ணாடித் துணி. இது காய்ந்து இறுகுகிறவரை முட்டுக் கொடுத்த ரீப்பரை எடுக்கக் கூடாது; அக்கா மகன் எடுத்துவிடத் துடித்தான், அவனைத் துரத்தினேன். கைப்பிடி ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து எபாக்ஸியால் நிரப்பி, அதற்குள் புதுத் துளை போட்டேன். இனி ஸ்க்ரூ ஒழுகினாலும் மரத்துக்குத் தண்ணீர் போகாது. கடைசியில் தண்டவாளத்தில் காவியைத் தேய்த்து மூடியைத் தள்ளிப் பார்த்து, கட்டையில் காவி ஒட்டின இடத்தை மட்டும் இழைத்தேன். பக்கத்துக்கு ரெண்டு மில்லி இடைவெளி. மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாம் என்றான் ஒருத்தன், அடித்தால் பின்னால் அந்தப் பக்கத்தில் வார்னிஷ் பிடிக்காது.

மேல்கைப்பிடி முன்பு ஓரத்தில் இருந்தது, அதை நடுவுக்கு மாற்றினேன். ஓரத்தில் பிடித்து இழுத்தால் நம்ம கணக்கு வாத்தியார் மேசை டிராயர் மாதிரி கோணிக்கொண்டு நிற்கும். (பிரம்பு உள்ளே மாட்டிக்கொண்ட அன்றைக்கு நாம் கும்பிட்ட சாமிகளை எண்ண முடியுமா?) உள்பக்கம் பிடிமானமே இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். அங்கே ஒரு தேக்குப் பிடி வைத்து, வெளியே கொண்டி போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவர் கழற்றுகிற மாதிரி செய்து கொடுத்தேன். பிள்ளை முதலில் உள்ளே இறங்கவே மாட்டேன் என்றாள். நான் இறங்கிச் சாத்தித் திறந்து காட்டினேன். பிறகு அவளே ஒற்றைக் கையால் தள்ளித் திறந்து தலையை நீட்டினாள். அக்கா கீழே நின்று படகைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் உம்ம நினைப்புத்தான். தீபாவளிக்குப் பேசும்போது பாத்ரூம் கதவு இறுகிப்போச்சு, தோளால் இடித்துத் திறக்கிறேன் என்று சிரித்தீர். நானும் கூடச் சிரித்தேன். தங்கச்சி இருக்கும்போது அது வெறும் கதவு. இப்போது அந்த ஃப்ளாட்டில் நீர் ஒற்றை ஆள், மகள் பெங்களூரில். ஈரத்தரை, உமக்குச் சர்க்கரை, உள்ளே தாழ்ப்பாள். விழுந்தால் யார் கேட்பார்? எதிர்வீட்டுக்காரர் பெயராவது தெரியுமா உமக்கு? நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்று முதல் தாழ்ப்பாள் போடாதீர். தனியாக இருக்கிறவருக்கு யாரைப் பார்த்து வெட்கம்? குளிக்கப் போகும்போது போனை உள்ளே கொண்டுபோய்க் கை எட்டுகிற உயரத்தில் வையும். ஒரு சாவியை எதிர்வீட்டில் கொடும். கௌரவம் பார்த்துக் கொடுக்காமல் இருந்தீரானால் உம்ம மகளிடம் நானே சொல்லிவிடுவேன், அப்புறம் என்னைக் கோபிக்காதீர்.

அந்தக் கதவின் அடிப்பாகத்தைச் சாவியால் குத்திப் பாரும். பொதபொத என்று இறங்கினால் இழைத்துப் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். நான் இங்கேயே செய்து வைக்கிறேன். நிலையின் உள் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதும். மூன்றும் ஒன்றாக இருக்காது, இருக்கிறது என்று எழுதினால் நீர் அளக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. பாரிமுனைப் பக்கம் போனால் வெள்ளை பாலிஎத்திலீன் பட்டை வேண்டும், மூன்று மில்லி கனம், ஒரு இஞ்சு அகலம், நாலடி நீளத்தில் ரெண்டு. காடிக்குள் பதித்தால் மெழுகு தேய்க்கிற வேலை மிச்சம். நைலானைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பான், வாங்காதீர். நைலான் தண்ணீர் குடித்து ஊதும். பட்டையைப் பார்சலில் அனுப்ப வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தாகப் போட்டுக்கொண்டு நீரே எடுத்து வாரும், போகும்போது கதவோடு போகலாம்.

இப்படிக்கு,
இழைப்புளி