மன்னார் எண்ணெய்: தொகைக்குப் பின்னால் என்ன சான்று?

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையின் மன்னார் கடற்படுகையிலுள்ள எண்ணெய், எரிவாயு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அவற்றின் மதிப்பென்று ஒரு பெருந்தொகையும் கூடவே வந்துவிடுகிறது. 2021இல் அது 26,700 கோடி டொலர் என்று பேசப்பட்டது. நாட்டின் கடனையே அடைத்துவிடலாம் என்றுகூட நம்பப்பட்டது. அத்தொகை எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

கையிலுள்ள சான்று மிகச் சிறியது. 2011இல் கெயர்ன் என்ற எண்ணெய் அகழ்வு நிறுவனம் ஆழ்கடலில் தோண்டிய டொராடோ, பராகூடா ஆகிய இரு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. அதே ஆண்டு தோண்டப்பட்ட டொராடோ வடக்குக் கிணறும், 2013இல் தோண்டப்பட்ட இன்னொன்றும் வெறுமையாகவே முடிந்தன. 2015இல் அந்நிறுவனம் வெளியேறியது.

கிணறு தோண்டுமுன், நிலத்துக்குள் அலைகளைச் செலுத்தி எதிரொலியைப் பதியும் நில அதிர்வு ஆய்வு நிலத்தடியின் ஒளிப்படமன்று. அலை கீழே சென்று திரும்பும் நேரத்தையே அது பதிகிறது. அந்நேரத்தை நம்பகமாக ஆழமாக மாற்றக் கிணற்றில் அளந்த அலைவேகம் வேண்டும். எதிரொலி வலுவாக இருந்தால் எரிவாயு என்று மகிழ்ந்துவிடவும் முடியாது. ஏனெனில் மணற்கல்லின் நுண்துளைகளில் உப்புநீரோடு சில சதவீத வாயு எஞ்சியிருந்தாலும் ஏறத்தாழ அதே எதிரொலிதான் வரும். மன்னாரில் எரிமலைப் பாறை அடுக்குகள் வேறு இடையில் கிடந்து, தமக்குக் கீழுள்ளவற்றின் தோற்றத்தை மங்கச் செய்கின்றன.

எண்ணெயும் வாயுவும் பிறக்கும் மூலப்பாறையின் கதை இதனினும் முக்கியமானது, ஆனால் செய்திகளில் அது எட்டிப் பார்ப்பதேயில்லை. பாறையில் கரிமப்பொருள் போதிய அளவு உண்டா, அது கடல்நுண்ணுயிர்களிலிருந்து வந்ததா, நிலத்தாவரங்களிலிருந்து வந்ததா, பாறை எவ்வளவு வெப்பம் கண்டது என்பதைக் காட்டும் வைட்ரினைட் ஒளித்தெறிப்பு ஏறத்தாழ 0.6 சதவீதத்தைத் தாண்டி எண்ணெய் உருவாகும் கட்டத்தை எட்டியதா என்பவற்றை ஆய்வுகூடத்தில் பாறைத் துணுக்குகளே சொல்லும். எண்ணெயை ஓரிடத்தில் தடுத்து வைக்கும் பாறைப்பொறி அமைவதற்கு முன்பே எண்ணெய் உருவாகி ஊர்ந்து போயிருந்தால், நில அதிர்வுப் படத்தில் எவ்வளவு அழகான பாறை மடிப்பு தெரிந்தாலும் பயனில்லை.

ஆகவே மூலப்பாறைக்கு 0.8, எண்ணெயைத் தன் துளைகளில் தேக்கும் தேக்கப்பாறைக்கு 0.6, அது மேலே கசியாமல் மூடும் மூடுபாறைக்கு 0.6, பொறிக்கு 0.7 என்று தாராளமாகவே வாய்ப்பளித்தாலும், அவற்றைப் பெருக்கினால் கிடைப்பது 0.2, அதாவது ஐந்தில் நான்கு முறை வெறுங்கிணறு. அண்டையில் ஒரு கிணறு வென்றால் மூலப்பாறை பற்றிய ஐயம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பொறியும் தன் அளவில் தனியே தேறவேண்டும் என்பதை டொராடோ வடக்கே காட்டிவிட்டது. மேலும், கண்டறியப்பட்டது எரிவாயுவாக இருக்க, தலைப்புகளில் ‘எண்ணெய்’ என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்?

எனவே அடுத்த முறை அமைச்சோ நிறுவனமோ ஒரு தொகையை அறிவிக்கும்போது, அது துளையிட்டு உறுதிசெய்த வளமா, படத்தில் கண்ட வாய்ப்பா, வெற்றிவாய்ப்பின் விகிதம் அதில் பெருக்கப்பட்டுள்ளதா, எடுக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்ற நான்கையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டு, விடையை அந்தத் தொகையின் அருகிலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவிச்சரிதவியலாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.