வெளிக்காதுத் தொற்றுக்கு விலை உயர்ந்த மாத்திரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை பிடித்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் மெடிக்கல் ஷாப்புகளில் "காது வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு நிற்பவர்கள் அதிகம். பலர் ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு அட்டையோடு திரும்புகிறார்கள். வெளிக்காதுத் தொற்றுக்கு, அதாவது செவிப்பறைக்கு வெளியே காதுத் துளையின் தோலில் வரும் தொற்றுக்கு, அது பெரும்பாலும் தண்டச் செலவு. துளையைச் சுத்தம் செய்து, பொருத்தமான சொட்டு மருந்து விட்டாலே போதும்.

காது மடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினாலோ சுரீரென்று வலித்தால் அநேகமாக வெளிக்காதில்தான் கோளாறு. வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, உள்ளே நனைந்த பத்திரிகைத் தாள் போல வெள்ளையாகவும் அதில் கரும்புள்ளிகளாகவும் தெரிந்தால் அது பூஞ்சை. நம்மூர்ப் புழுக்கத்துக்கு இது சகஜம். இதற்கு ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தை விட்டால் பூஞ்சை இன்னும் செழிக்கும். க்ளோட்ரிமசோல் 1 சதவீத சொட்டு மருந்துதான் வேண்டும், அதுவும் இரண்டு வாரமாவது. பாக்டீரியா தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீத கண்/காது சொட்டு மருந்து, நாளுக்கு இரண்டு வேளை, ஒரு வாரம். வலி இரண்டே நாளில் குறையும். அத்தோடு நிறுத்துவதால்தான் மறுபடி வருகிறது. இரண்டுமே விலை குறைந்த மருந்துகள். எது உங்களுக்கு என்பதை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் காட்டித் தெரிந்துகொண்டு, சீட்டில் மருந்தின் ஜெனரிக் பெயரை (கம்பெனி வைத்த பெயரல்ல, மருந்தின் மூலப் பெயர்) எழுதி வாங்கி, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கேளுங்கள்.

காது வலி என்றதும் கடையில் அழுக்கு இளக்கும் மருந்தை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. லேபிளில் டர்பென்டைன், பாராடைக்ளோரோபென்சீன் என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். புண்ணான தோலில் எரிச்சல்தான் மிச்சம். காய்ச்சிய எண்ணெயும் கூடாது.

சொட்டு விடும் முறையிலும் தவறு நடக்கிறது. குளிர்ந்த மருந்தை விட்டால் தலை சுற்றும். பாட்டிலை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருங்கள். ஒருக்களித்துப் படுத்து, பெரியவர்களுக்கு மடலை மேலே பின்புறமாகவும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழே பின்புறமாகவும் இழுத்து, மூன்று நான்கு சொட்டு விட்டு, முன்மேட்டை நாலைந்து முறை அழுத்தி, ஐந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். சீழ் அடைத்திருந்தால் மருந்து தோலைத் தொடாது. முதலில் மருத்துவர் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். துளை வீங்கி மூடிக்கொண்டால் மருந்தில் நனைத்த திரியை அவரே வைப்பார். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வையுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். பட்ஸ், ஹேர்பின் தொடவே வேண்டாம்.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் ஜென்டாமைசின், நியோமைசின் உள்ள சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டும். கேட்கும் திறனே போகலாம். சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூங்கவிடாத காது வலி வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ கைவைத்தியம் பார்க்காமல் அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று மண்டையோட்டு எலும்பு வரை இறங்கக்கூடும்.

காதைச் சுத்தம் செய்யும் உறிஞ்சு கருவியையும் க்ளோட்ரிமசோல் காது சொட்டு மருந்தையும் வடசென்னையின் ஒவ்வொரு நகர்ப்புற சுகாதார நிலையத்திலும், குறைந்தது மழை மாதங்களிலாவது, தட்டுப்பாடின்றி வைக்க மாநகராட்சி ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு மருந்தாளுநர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.