சட்டம் பின்னால்தான் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதுவரை உள்ளே விடப்படாத சாதியார் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன ஆலயப் பிரவேசம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்ததால் 1939 ஜூலை 8 அன்று கோயில் கதவு திறந்தது போல ஒரு வரி அதில் இருக்கிறது. நடந்தது தலைகீழ்.

அன்றைக்கு மதுரையில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. 1938ல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டம் மலபாருக்கு மட்டும். இங்கே வழக்கம்தான் சட்டம். கமுதி கோயிலுக்குள் நாடார்கள் போனது தவறு என்று அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் தீர்ப்பு வாங்கியது 1908ல். அந்தத் தீர்ப்பு இருக்கும்போதுதான் வக்கீல் வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஐந்து பேரையும் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். சட்டம் தெரியாமல் செய்த காரியம் என்று ஒரு வக்கீலைச் சொல்ல முடியுமா?

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுபவர் கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு. அய்யருக்காவது பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. இவர் உத்தியோகஸ்தர். "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாற்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். அந்த வார்த்தையின் சுகம் எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வராமல் நின்றார்கள். வெளியே ஒரு பங்களாவில் தனியாக மீனாட்சியை வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அய்யரைச் சொந்த சாதியே ஒதுக்கியது. அவசரச் சட்டமும் முறையான சட்டமும் அந்தப் பிரவேசத்துக்குப் பிறகுதான் வந்தன. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'இன்டெம்னிட்டி' என்று ஒரு சொல் உண்டு. நடந்து முடிந்த காரியத்துக்காக யார் மேலும் வழக்குப் பாயக்கூடாது என்பதற்கான காப்பு அது. வழக்குப் பாயும் நிலையில்தான் அவர்கள் வாசலைத் தாண்டினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவு தெரிந்த நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி, நோட்டு எழுதுவது நான்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுப் பையன் வேறு சாதியில் கல்யாணம் முடித்தான். அந்த வீட்டில் வரி வாங்கக் கூடாது, அதாவது ஊரில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. கையெழுத்தெல்லாம் இல்லை, "என்னப்பா, சரிதானே?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். மைக்செட் போடுகிற தம்பி ஒருவன் மட்டும் எழுந்து, "அவங்க வரி வேணாம்னா என் செட்டும் வேணாம்" என்றான். அவனுக்கு அது வருடத்தில் பெரிய வரும்படி. உட்காரச் சொன்னார்கள், உட்காராமல் வெளியே போய்விட்டான். அந்த வருடம் பக்கத்து ஊரிலிருந்து செட் வந்தது.

நான் தலையைக் குனிந்தபடி நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை அடிக்க மனசு வரவில்லை. எழுதவும் துணிச்சல் இல்லை. 43ஆம் எண்ணுக்கு நேரே வெறுமனே விட்டுவிட்டேன். நாலு வருடமாக அப்படியேதான் இருந்தது. மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் கடையில் என்னைப் பார்த்து, "என்னண்ணே, எங்க வரி எவ்வளவு?" என்று ரூபாயை நீட்டினார். சில்லறை இல்லை என்று சொல்லித் தப்பித்து வந்தேன்.

வருகிற கூட்டத்துக்கும் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 43ல் பெயரை மையாலேயே எழுதிவிட்டேன். கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரைப் போட வேண்டாம்; அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை மாவட்டம்