இரணைமடுக் கரையில் இரண்டு நாள்: எங்களுக்கு இடம் தந்தவர்களுக்கு

வணக்கம்.

இந்த மடலைத் திங்கட்கிழமையே எழுதியிருக்க வேண்டும். வலது கைப் பெருவிரலில் இன்னும் கட்டு இருப்பதால் சுணங்கிவிட்டது (அந்தக் கதை கீழே வரும்). போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரணைமடுக் குளத்தின் அலைகரையில் தூண்டிலோடு கிடந்த பதினொரு பேர் சார்பிலும் எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொல்லலாம்தான், ஆனால் சிலரிடம் நம்பர் வாங்க மறந்துபோனோம், சிலருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை, அதோடு ஊரறிய உதவி வாங்கிவிட்டு நன்றியை மட்டும் காதுக்குள் சொல்வது சரியில்லை என்று எங்கள் பெடியள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள்.

நாங்கள் கிளிநொச்சியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது நாலு பேர் ஊரில், மூன்று பேர் வவுனியா, யாழ்ப்பாணம் என்று வேலை, மிச்சம் நாலு பேர் இங்கிலாந்தில். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு கடையில் தூண்டில் முள்ளுக்கே அலைந்த காலத்தில், குண்டூசியை விளக்கில் சூடாக்கி வளைத்து வாய்க்காலில் உழுவை பிடித்த கூட்டம் இது. பத்து மீன் கடித்தால் எட்டு நழுவிப் போய்விடும். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். திரும்ப எல்லோரும் ஒரு கரையில் இருந்து தூண்டில் போட இத்தனை வருசம் எடுத்தது.

இந்த யோசனை லண்டன்காரர்களுடையது. அங்கே சனி ஞாயிறுகளில் 'கோர்ஸ் பிஷிங்' போகிறோம், ஊருக்கு வரும்போது அதேபோல் ஒன்று செய்வோம் என்று வட்ஸ்அப்பில் போட்டார்கள். வவுனியாவில் இருப்பவன் உடனே, "என்ன கோர்ஸ், எத்தனை மாதம், சேர்ட்டிபிக்கற் தருவாங்களோ" என்று கேட்டான், அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு கிழமை போனது. விசயம் என்னவென்றால், இங்கிலாந்தின் நன்னீரில் சமனும் ட்ரவுட்டும் துரைமாருடைய மீன். கெண்டை வகைகள் உட்பட மிச்சமெல்லாம் கோர்ஸ். காசு கட்டி லைசென்ஸ் எடுத்து, விடியப்புறமே போய்க் குந்தியிருந்து, பிடித்த மீனை நிறுத்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்களாம். மீன் சினை வைக்கும் காலம் என்பதால் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த மீன்களுக்குத் தூண்டிலே போடக்கூடாதாம். என் அம்மா இதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடிச்ச மீனை விடுறதுக்கு ஏனடா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தவை" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் நன்னீர் மீனவர் சங்கத்து அண்ணைமாருக்கு. அந்தக் குளம் எங்களுக்கு இரண்டு நாள் விளையாட்டு, உங்களுக்கு அடுப்பெரிகிற விசயம். நாங்கள் கேட்டு வந்தபோது "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம், முடித்திருந்தாலும் பிழையில்லை. நீங்கள் அந்தத் துண்டுக் கரைக்கு முன்னால் கிடந்த வலைகளை இரண்டு இரவுக்கு வேறு பக்கம் மாற்றிப் போட்டீர்கள். அதை எங்களிடம் சொல்லக்கூட இல்லை. ஞாயிறு மத்தியானம் வேறொருவர் வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். தந்த காசையும் வாங்கவில்லை, "பிள்ளையளுக்கு ஏதாவது வாங்கிக் குடுங்கோ" என்று எங்கள் பிள்ளைகளுக்கே திருப்பிவிட்டீர்கள்.

அடுத்தது ஐயாவுக்கு. எந்த ஐயா என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை விடிய நாங்கள் கிழக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துக் கதிரை எல்லாம் விரித்து முடிய, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பியவை, இதில இருந்தா ஒன்பது மணிக்குப் பிறகு சோழகம் உங்கட முகத்திலதான் அடிக்கும். எறியிற தூண்டில் திரும்பி வந்து உங்கட சட்டையிலதான் கொழுவும்" என்றார். ஆடி மாதக் காற்று, அவருக்குத் தெரியாததா. மேற்குப் பக்கத்து மருதமரத்தடிக்கு எங்களை மாற்றினது அவர்தான். தண்ணீருக்குள் நிற்கிற ஒரு பட்டமரத்தைக் காட்டி, கனகராயன் ஆறு ஓடின பழைய பள்ளம் அதுக்கு நேரே வருகுது, சிறுபோகத்துக்குத் தண்ணி போய்க் குளம் வற்றும்போது மீனெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும் என்றார். 1902இல் வேலை தொடங்கிக் கட்டின குளம், 2018இல் இரண்டு அடி உயர்த்தி 36 அடி ஆக்கின குளம் என்று புத்தகத்தில் படித்ததை எல்லாம் நாங்கள் ஒப்பிப்போம், அந்தத் தண்ணீருக்கு அடியில் ஆறு இன்னும் எந்த வழியால் கிடக்கிறது என்பதை அவர் கரையில் நின்று கைவிரலால் கீறிக் காட்டினார்.

ஐயா இரை பிசைந்த விதத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். லண்டன்காரர்கள் பை பையாக உருண்டைகளும் ரின்னில் அடைத்த இனிப்புச் சோளமும் கொண்டுவந்திருந்தார்கள். முதல் இரண்டு மணித்தியாலம் அந்தச் சோளத்தைத் தின்றது கரையில் நின்ற காகங்கள்தான். ஐயா ஒரு பழைய பெயின்ற் வாளியில் தவிடு போட்டு, எள்ளுப் பிண்ணாக்கை நொறுக்கிப் போட்டு, குளத்துத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசைந்தார். ஒரே தரமாக ஊற்றக்கூடாதாம். தேசிக்காய் அளவில் ஒரு உருண்டை பிடித்துப் பக்கத்து வாளித் தண்ணீரில் போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஐந்தில் கரைந்தது. "இது மேல்மட்டத்துச் சின்ன மீனுக்குத்தான் போகும்." இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிசைந்து திரும்பப் போட்டார், பன்னிரண்டில் மெல்ல விரிந்தது. "இப்ப நிலத்தில போய்த்தான் உடையும், ரோகு அடியிலயும் வந்து மேயும்." பத்தரை மணிக்கு முதல் ரோகு ஏறியது, இரண்டு கிலோ முந்நூறு. இங்கிலாந்தில் பன்னிரண்டு வருசமாகத் தூண்டில் போடுகிற எங்கள் நண்பன் அந்த வாளியைப் பக்கத்தில் இருந்து படம் எடுத்ததுபோல மீனைக்கூட எடுக்கவில்லை.

ஐயாவின் பேரன், உனக்கும் தனியாக நன்றி. நீ கொண்டுவந்து தந்த மயிலிறகுக் காம்புத் தக்கைகளைப் பார்த்து லண்டன்காரர் வாயைப் பிளந்தது ஏன் என்று கேட்டாயே, அங்கேயும் பழங்காலம் தொட்டு மயிலிறகுக் காம்பில் தக்கை செய்கிறார்கள், அதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நீயோ பாலைமரத்தடியில் பொறுக்கி, நுனியில் அக்காவின் நகப்பூச்சைப் பூசி, அடியில் தையல் நூல் சுற்றிக் கொண்டுவந்து நின்றாய். மீன் மூக்கால் தட்டினாலே அந்தச் சிவப்பு நுனி நடுங்குகிறது. நாங்கள் செய்கிற றெஜிபோம் தக்கை மீன் விழுங்கின பிறகுதான் அசையும். மூன்று தக்கை லண்டன் போய்விட்டது, உன் அக்காவிடம் நகப்பூச்சுக்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு.

பிடித்ததை விடுவதா கொண்டுபோவதா என்று சனி பின்னேரம் பெரிய வாக்குவாதம். விடவேண்டும் என்று லண்டன் பக்கம், குழம்புக்கு என்று ஊர்ப் பக்கம். சங்கத்து அண்ணை ஒருவர் சிரித்துக்கொண்டே தீர்த்துவைத்தார். ரோகும் கட்லாவும் இந்தக் குளத்தில் தானாகப் பெருகாது, குஞ்சு வாங்கி விடுகிறோம், அதனால் சின்னதைக் கட்டாயம் விடவேணும். யப்பான் மீன் தானே பெருகும், அதில் சட்டிக்கு அளவானதை எடுங்கோ என்றார். (திலாப்பியாவைத்தான் எங்கள் ஆக்கள் யப்பான் மீன் என்பார்கள். அது 1952இல் இலங்கைக்கு வந்த ஆப்பிரிக்க மீன், யப்பானுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) "உங்கட லண்டன் சட்டம் எங்களிட்டயும் இருக்குத் தம்பி. மூன்றரை அங்குலத்துக்குக் குறைஞ்ச கண்ணோட வலை போடமாட்டம். நீங்கள் கையால விடுறதை நாங்கள் வலைக்கண்ணால விடுறம்." அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னவர், அதை நாங்கள் கேட்கவில்லை. பிடித்த மீனை உயிரோடு வைக்க லண்டன்காரர் கொண்டுவந்த நீளமான வலைப்பை ஒன்றைத் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். "மீனைத் தண்ணிக்குள்ள கட்டி வைக்காதீங்கோ, இரவில ஆள் வரும்" என்றார். யாரோ கள்ளர் என்று நினைத்துக்கொண்டு படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் வலைப்பையின் அரைவாசியைக் காணோம், கட்டின தடி சாய்ந்து கிடக்கிறது, ஈரமண்ணில் வயிறு இழுபட்ட தடம். வந்த ஆள் முதலை. நாற்பது பவுணுக்கு வாங்கின பை. அந்த 'ஆளுக்கு' நல்ல விருந்து. அதன் பிறகு முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் எறிந்த வீரர்கள் எல்லோரும் கதிரையைப் பத்தடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இனிப் பெருவிரல். ஞாயிறு காலை, ஒரு விராலைக் கழற்றும்போது அது துள்ளியதில் முள்ளு என் விரலில் ஏறிவிட்டது, பின்னோக்கி நிற்கிற அந்த எதிர்முள் வரைக்கும். இங்கிலாந்தில் பல குளங்களில் எதிர்முள் இல்லாத தூண்டில்தான் போடலாம் என்று நண்பன் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னான், குறட்டால் அமர்த்தித் தருகிறேன் என்றும் கேட்டான், நான்தான் "எங்களுக்குத் தெரியாத முள்ளோ" என்று கெப்பர் காட்டினேன். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) ஓட்டுகிற தம்பி என்னைப் பெட்டியில் ஏற்றி, குலுங்காமல் ஓட்டுகிறேன் என்று சொல்லி நன்றாகக் குலுக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கடமையில் நின்ற மிஸ், முள்ளை முன்னால் தள்ளி நுனியை வெட்டி எடுத்து, ஏற்பு ஊசியும் போட்டு, "இவ்வளவு பெரிய மீனை இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்று சொன்னதைத் தவிர எல்லாவற்றுக்கும் நன்றி மிஸ்.

லான்ட்மாஸ்ரர் தம்பிக்கு நாங்கள் இரண்டு கடன். பேசிவைத்த வான்காரர் வெள்ளிக்கிழமை இரவு போனை நிறுத்திவிட்டார், ஏன் என்று இன்றுவரை தெரியாது. பெட்டி, கூடாரம், ஐஸ் பெட்டி, பதினொரு ஆம்பிளையள் எல்லாவற்றையும் இரண்டு நடையில் ஏற்றி இறக்கினது தம்பிதான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு கார்க்காரர் நிம்மதியாக வந்து சேர்ந்ததும் தம்பி முன்னுக்குப் போய் வழி காட்டினதால்தான்.

இரவு படுக்க முன்பள்ளி மண்டபத்தைத் திறந்து தந்த ரீச்சருக்கும் பெற்றோருக்கும் நன்றி. கூட்டிக் கழுவித்தான் விட்டோம். சுவரில் இருந்த அணில் படத்தில் ஈரக்கை பட்டு வால் கொஞ்சம் கலைந்துவிட்டது, புதிதாகக் கீறித் தர எங்களில் ஒருவன் சித்திர வாத்தியார்.

சமைத்துத் தந்த அக்கா, கடைசியாக உங்களுக்கு. பதினொரு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு என்றால் சாதாரண விசயம் இல்லை. சனி இரவு யப்பான் மீனைக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் பூசி, விறகடுப்பில் பொரித்து இறக்க இறக்க, பிடித்ததை விடவேணும் என்று பின்னேரம் முழுக்க வாதாடின லண்டன்காரன்தான் ஆறு துண்டு சாப்பிட்டான், நாங்கள் எண்ணினோம். மிச்சத்தைப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்து விடியப் புட்டோடு தந்தீர்கள். சேற்று வாடை அடிக்கும் என்று குளத்து மீன் தொடாத யாழ்ப்பாணத்தான்கூடச் சட்டியை வழித்தான். செதிலெடுத்து உப்பும் தேசிப்புளியும் போட்டு உரசிக் கழுவினால் வாடை போய்விடும் என்று நீங்கள் சொன்னதை அவன் போனில் எழுதி வைத்திருக்கிறான்.

இரவு பதினொரு மணிக்குப் பிறகும் பாட்டுப் பாடினதற்கு அயலவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குப்பை எல்லாவற்றையும் நாங்களே கொண்டுவந்துவிட்டோம். அறுந்த தங்கூசி (தூண்டில் நூல்) துண்டுகளையும் கொக்கு, நீர்க்காகத்தின் காலில் சுற்றாமல் தேடிப் பொறுக்கினோம், ஆனாலும் மருதமரத்தின் கிழக்குக் கொப்பில் ஒரு தூண்டில் எட்டாத உயரத்தில் மாட்டிக் கிடக்கிறது. கவனம், முள்ளோடு இருக்கிறது. அடுத்த கிழமை கொக்கத்தடியோடு வந்து எடுப்பேன்.

அப்போதே இன்னொரு வேலையும் இருக்கிறது. அக்கா, நீல மூடி போட்ட உங்கள் புட்டுப் பெட்டி எங்கள் ஐஸ் பெட்டிக்குள் வந்துவிட்டது. அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார், வெறும் பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்று எனக்குச் சொல்லியும் விட்டார். பயத்தம் பணியாரம் பிடிக்கும்தானே?