ஹார்ட்விக் மாளிகையைக் கட்டியது பிரபு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால், ‘ஷ்ரூஸ்பரி பிரபு தம் மனைவிக்காக எழுப்பிய மாளிகை’ என்று இருந்தது. அந்த வரியோடு இதழை மூடி வைத்தேன். மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

தாங்கள் அறியாததல்ல. பிரபுவும் அவர் மனைவி எலிசபெத்தும் மனம் முறிந்து ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழ்ந்தவர்கள். 1590 நவம்பரில் பிரபு காலமானார். புது மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியதே அந்த ஆண்டின் கடைசியில்தான். பிறந்த ஊர் மண்ணில், சொந்தக் குவாரிக் கல்லும் சொந்த ஆலைக் கண்ணாடியும் கொண்டு கட்டி, 1597-ல் அந்த அம்மாள் குடிபுகுந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய எழுபது வயது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். கட்டுவித்தவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

நான் முப்பது ஆண்டுகள் கட்டட வரைவாளராக வேலை பார்த்தவள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த மாளிகையின் முன் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். மாடி ஏற ஏற ஜன்னல்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. ‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று அந்த ஊரார் சொல்வது மிகையே இல்லை. புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுபோனதால்தான் வெளிச்சுவரை அந்த அளவுக்குத் திறக்க முடிந்திருக்கிறது. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் ‘இ.எஸ்.’ (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) என்று அவருடைய முதலெழுத்துகள், ஆள் உயரக் கல்லில். கட்டியவரே வானத்தில் எழுதி வைத்த கையொப்பம் அது. தங்கள் கட்டுரையாளர் கண்ணுக்கு அது எப்படித் தப்பியது?

ஸ்காட்லாந்து அரசி மேரி அங்கே சிறையிருந்தார் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. மேரியின் தலை வெட்டப்பட்டது 1587-ல். அப்போது அந்த மாளிகையே இல்லை.

சென்ற ஆண்டு சாட்ஸ்வொர்த் மாளிகை பற்றி நான்கு பக்கம் வெளியிட்டீர்கள். 1549-ல் அந்த நிலத்தைத் தம் இரண்டாம் கணவர் கேவன்டிஷை வாங்க வைத்தவர் இதே எலிசபெத். அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். வந்து சேர்ந்தது என்றொரு அட்டைகூட வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறவளுக்கு அது வலித்தது.

எங்கள் வீடு என் சம்பளத்தில் கடன் வாங்கி, நான் வரைந்த வரைபடப்படி, நானே மேஸ்திரியோடு நின்று கட்டியது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் என் கணவரின் கையைப் பிடித்து, ‘அருமையாகக் கட்டியிருக்கிறீர்கள்’ என்றார்கள். மறுத்துச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பிரபு என்ற இடத்தில் எலிசபெத் என்று இருக்கட்டும். மேரி பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகி