எட்டாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டு விடைத்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதிலிருந்து, கால்குலேட்டரில் போட்டால் பிள்ளை எழுதின விடைதான் வருகிறது, அப்புறம் ஏன் மதிப்பெண் போடவில்லை என்று சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

கடையில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள், 20 காட்டும். செல்போனில் அதையே போட்டால் 14. கடைக் கால்குலேட்டர் கெட்டுப்போகவில்லை, தட்டத் தட்ட அப்போதைக்கு அப்போதே கணக்குப் போட்டுக்கொண்டு போவதுதான் அதன் வேலை, பில் போட அது போதும். பாடத்தில் பெருக்கல் முந்தி, கூட்டல் பிந்தி. 14தான் சரி.

இயற்கணிதத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். 20 − 2அ² என்ற கோவை, அ = −3 (புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும்). முதலில் −3-ஐ அடைப்புக்குறிக்குள் போட்டு எழுத வேண்டும்: 20 − 2 × (−3)². அடுக்கு முதலில், 9. பிறகு பெருக்கல், 18. கடைசியில் கழித்தால் 2. அடைப்புக்குறியை விட்டவர்கள் அடுக்கை 3-க்கு மட்டும் போட்டு −9 என்று எடுத்து 38-க்குப் போய்விட்டார்கள். 2-ஐயும் சேர்த்து வர்க்கப்படுத்தினவர்களுக்கு −16. 20-லிருந்து 2-ஐ முதலிலேயே கழித்துவிட்டால் 162! ஒரே கணக்கு, நாலு விடை, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பாடு தெரியும். தெரியாதது எதை முதலில் தொடுவது என்பதுதான்.

ஆபீஸில் எக்செல் தெரிந்த பெற்றோர் அதில் சரிபார்க்கிறீர்கள் என்றால் கவனம், குறைக்குறியோடு தொடங்கும் −3²-ஐ அங்கே போட்டால் 9 வரும், நோட்டில் அதற்கு −9 என்றுதான் பொருள்.

பாட்மாஸ் (BODMAS, அடைப்புக்குறி முதல் கழித்தல் வரை எதை எந்த வரிசையில் செய்வது என்று நினைவில் வைக்க உதவும் ஆங்கில எழுத்துச் சுருக்கம்) சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்து வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டு, கூட்டலை எப்போதும் கழித்தலுக்கு முன்னால் செய்கிற பிள்ளைகள் நிறைய. 10 − 4 + 3 என்றால் 9, அவர்களுக்கு 3 வருகிறது. கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி, இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அது. பெருக்கலும் வகுத்தலும் அப்படியே: 24 ÷ 4 × 2 என்பது 12, 3 இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் புதிர்களில் சண்டை வருவதும் பாதி இதனால்தான்.

வீட்டில் நோட்டைப் பார்க்கும்போது விடையை விட்டுவிட்டு, ஒரு வரிக்கு ஒரு செயல் எழுதியிருக்கிறதா, குறை எண்ணுக்கு அடைப்புக்குறி இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். இந்த வாரம் முதல் விடையை மட்டும் எழுதிவரும் வீட்டுப்பாடத்தை, விடை சரியாகவே இருந்தாலும், திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரவு பத்து மணிக்குப் பிள்ளை மறுபடி எழுதிக்கொண்டிருந்தால் கணக்கு ஆசிரியரைத் திட்டாதீர்கள், என்னிடம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்