காக்கிச்சட்டை வீடியோ கால் – கவனம்

மஞ்சக்குப்பம் குழுவினருக்கு வணக்கம். நேத்து மதியம் மீன் ஆய்ஞ்சிட்டு இருக்கும்போது எனக்கே இந்த மோசடி கால் வந்துச்சு. "மும்பை கஸ்டம்ஸ், உங்க ஆதார்ல போதைப்பொருள் பார்சல்"னு மிரட்டல். அடுத்து வாட்ஸ்அப் வீடியோவுல ஒரு காக்கிச்சட்டை; கடையில வாங்கின மடிப்புகூட கலையல! "கதவைச் சாத்துங்க, வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னதும் புரிஞ்சிடுச்சு, கட் பண்ணிட்டேன்.

வீடியோ கால்லயே கைது பண்ணியாச்சுன்னு மிரட்டுறாங்களே, அந்த மாதிரி 'டிஜிட்டல் கைது'ன்னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. உங்க பணத்தைச் "சரிபார்க்க" எந்த போலீசும் எந்தக் கணக்குக்கும் அனுப்பச் சொல்லாது. பென்ஷன் வாங்குற பெரியவங்ககிட்ட நேர்லயே சொல்லிடுங்க, அவங்க இந்தக் குழுவைத் திறந்து பார்க்கறதில்ல. பணம் போயிருந்தா வெட்கப்படாம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணம் கைமாறுறதுக்குள்ள அது போன கணக்கை முடக்க வழியுண்டு. மிரட்டின நம்பர், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க.